சைபர் பாதுகாப்பு முதுநிலைப் படிப்பு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

சைபர் பாதுகாப்பில் எம்.டெக். அல்லது எம்.எஸ்சி. சேர்பவர்கள் பிறருடைய கணினிக்குள் புகுவதற்கே பயிற்சி பெறுகிறார்கள் என்ற எண்ணம், திரைப்படங்கள் வளர்த்துவிட்ட ஒன்றாயினும், கல்லூரி தேடும் மாணவர்களிடமும் அவர்களுடைய பெற்றோரிடமும் ஆழமாக ஊன்றியிருக்கிறது. பாடத்திட்டங்களைப் புரட்டிப் பார்ப்பவர்களுக்கு, இயங்குதளம், கணினி வலையமைப்பு, உரியவர் மட்டுமே படிக்கும்படி தகவலை மாற்றும் முறைகளை ஆராயும் குறியாக்கவியல், பாதுகாப்பான நிரலாக்கம், தடயவியல், சட்டம் ஆகியவையே அவற்றின் பெரும்பகுதி என்பது தெரியவரும். தாக்குதல் முறைகளும் கற்பிக்கப்படுகின்றன என்பது உண்மைதான். ஆனால், ஒரு மென்பொருள் எந்த இடத்தில், எதனால் உடைகிறது என்பதை அறியாதவரால் அதை உடையாதபடி எழுத முடியாது என்பதே அதற்குக் காரணம்.

இதற்கு நல்ல சான்று, 1988 நவம்பர் 2 அன்று இணையத்தில் பரவிய மோரிஸ் புழு. புழு என்பது மனிதரின் உதவியின்றிக் கணினிக்குக் கணினி தானே பரவும் நிரலைக் குறிக்கும். அது கையாண்ட வழிகளுள் ஒன்று, ஒரு கணினியில் யார் யார் பணியில் இருக்கிறார்கள் என்று வெளியே சொல்லும் 'ஃபிங்கர்' என்ற சேவையிலிருந்த பிழையாகும். வரும் கேள்வியை வாங்கி வைக்க நினைவகத்தில் 512 பைட் இடத்தை ஒதுக்கியிருந்த அந்தச் சேவை, வரும் எழுத்துகளின் நீளத்தை அளக்காமலேயே படித்துக்கொள்ளும் 'கெட்ஸ்' என்ற சி மொழிச் செயற்கூறைப் பயன்படுத்தியது. புழு 536 பைட்டுகளை அனுப்பியபோது, மிகுந்த 24 பைட்டுகள் ஒதுக்கிய இடத்தைத் தாண்டி வழிந்து, வேலை முடிந்தபின் நிரல் எங்கே திரும்ப வேண்டும் என்ற முகவரி இருந்த இடத்தின்மேல் எழுதிவிட, நிரல் தன் வழியை விட்டுப் புழு கொண்டுவந்த கட்டளைகளுக்குத் தாவியது. முதுநிலை மாணவர் இந்த வழிதலை ஆய்வகத்தில் நினைவகத்தின் ஒவ்வொரு பைட்டாகத் தம் கண்ணால் பார்க்கும்போதுதான், நீளத்தைச் சரிபார்க்கும் ஒற்றை வரிக்கு எவ்வளவு பெறுமதி உண்டு என்பது அவருக்கு விளங்குகிறது.

நுட்பங்கள் ஆண்டுதோறும் மாறுவதால், இரண்டு ஆண்டுப் படிப்பு முடிவதற்குள் கற்றதெல்லாம் பழசாகிவிடும் என்று வாதிடுவோருக்கும் அந்தப் பிழையின் வரலாறே விடை தருகிறது. கெட்ஸ் செயற்கூறு சி மொழியின் தரநிலையிலிருந்து முற்றாக நீக்கப்பட்டது 2011இல்தான். 2014இல் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் குறையும் இதன் நெருங்கிய உறவே: மறுமுனையிலிருப்பவர் தாம் அனுப்பியதாகச் சொன்ன நீளத்தைச் சரிபாராமல் நம்பியதால், ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் 64 கிலோபைட் வரையிலான நினைவகம், கடவுச்சொற்களும் மறைச்சாவிகளும் அதில் இருந்தால் அவையும் சேர்ந்து, கேட்டவரிடம் போய்ச் சேர்ந்தது. கருவிகள் மாறுகின்றன, அவை தேடும் பிழைகளின் காரணங்கள் அவ்வளவு விரைவில் மாறுவதில்லை. கருவியை மட்டும் கற்றுத்தரும் படிப்பு பழசாகும் என்பதில் ஐயமில்லை. அப்படிப்பட்ட படிப்புகள் இருக்கின்றன என்பதும் வருந்தத்தக்க உண்மையே.

கணிதத்துக்கு அஞ்சுபவர்கள் இத்துறைக்கு வரலாம், ஏனெனில் கணக்கையெல்லாம் மென்பொருளே பார்த்துக்கொள்ளும் என்பது பரவலாகச் சொல்லப்படும் மற்றொரு ஆறுதல். ஆனால், 1977இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மேன் ஆகிய மூவர் உருவாக்கிய ஆர்எஸ்ஏ குறியாக்க முறை, இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது எளிது, பெருக்கற்பலனிலிருந்து அவற்றைப் பிரித்தெடுப்பது கடினம் என்ற ஒன்றையே நம்பி நிற்கிறது. போதிய ஆற்றலுள்ள குவாண்டம் கணினி கிடைத்தால் அந்தக் கடினம் கரைந்துவிடும் என்று 1994இல் பீட்டர் ஷோர் காட்டியதன் தொடர்ச்சியாக, அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2024 ஆகஸ்டில் புதிய குறியாக்கத் தரநிலைகள் மூன்றை வெளியிட்டது. அவற்றுள் இரண்டு, பல பரிமாண வெளியில் ஒழுங்காக அடுக்கப்பட்ட புள்ளிகளாலான பின்னல் அமைப்புகளின் கணிதத்தைச் சார்ந்தவை. எண்ணியலும் நேரியல் இயற்கணிதமும் தெரியாத மாணவர், வரும் ஆண்டுகளில் வங்கிகளும் அரசுத் துறைகளும் செய்யவேண்டிய இந்த மாற்றத்தைப் பின்தொடரவே திணறுவார்.

மிகுந்த தீங்கு விளைவிப்பது, நல்ல நோக்கத்துடன் பிறருடைய இணையதளத்தைச் சோதித்துப் பார்ப்பது குற்றமாகாது என்ற நம்பிக்கை. முன்பு சொன்ன புழுவை எழுதிய மோரிஸ் அப்போது கார்னெல் பல்கலைக்கழகத்தின் முதுநிலை மாணவர். அழிவை உண்டாக்கத் தாம் எண்ணவில்லை என்று அவர் சொன்னபோதும், 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், 400 மணிநேரச் சமூகப் பணியும், 10,050 டாலர் அபராதமும் அவருக்கு விதிக்கப்பட்டன. இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000, தன் 43ஆம் பிரிவில், உரிமையாளரின் அனுமதியின்றி ஒரு கணினியை அணுகுவதையே இழப்பீட்டுக்குரிய செயலாக்குகிறது. அது நேர்மையற்ற அல்லது ஏமாற்றும் எண்ணத்துடன் செய்யப்பட்டால், 66ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறையோ 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். ஆகவேதான் பொறுப்புள்ள துறைகள், வெளி வலையமைப்புடன் தொடர்பற்ற மெய்நிகர் கணினிகளில், குறைகளை வேண்டுமென்றே விட்டுவைத்த மென்பொருள்களைக் கொண்டு பயிற்சி தருகின்றன. எழுத்துபூர்வமான அனுமதியும் அதன் எல்லையும் இன்றி எந்தச் சோதனையையும் தொடங்கலாகாது என்பதை முதல் வாரத்திலேயே மாணவர் மனத்தில் பதிக்காத ஆசிரியர், அந்த மாணவருடைய எதிர்காலத்தைப் பணயம் வைக்கிறார்.

நிரல் எழுதுவோருக்கு மட்டுமே இங்கு இடமுண்டு என்பதும் சரியன்று. தடயவியலில், கைப்பற்றிய வன்தட்டில் ஒரு பைட் கூட எழுதப்படாமல் தடுக்கும் கருவியின் வழியே முழு நகல் எடுத்து, அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் 'ஹாஷ்' என்ற அடையாள மதிப்பைக் குறித்து வைப்பார்கள். உள்ளே ஒரு எழுத்து மாறினாலும் அந்த மதிப்பு வேறாகிவிடும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுக்குரிய சான்றிதழ் இந்த மதிப்பைக் கேட்பதால், சட்டத்தையும் நுட்பத்தையும் ஒருசேர அறிந்தவரின் தேவை கூடியிருக்கிறது.

தொழில்முறைச் சான்றிதழ் இருந்தால் பட்டம் வேண்டாம் என்பாரும், பட்டம் இருந்தால் வேலை உறுதி என்பாரும் ஒரே தவற்றின் இரு முனைகளில் நிற்கிறார்கள். சிஐஎஸ்எஸ்பி என்ற தகவல் பாதுகாப்புச் சான்றிதழ் 5 ஆண்டுப் பணி அனுபவத்தைக் கேட்கிறது. அதில் பட்டம் ஈடுசெய்வது ஓராண்டை மட்டுமே. பட்டதாரிகள் பலருக்கு முதல் வேலை, இரவும் பகலும் இயங்கும் பாதுகாப்புக் கண்காணிப்பு மையங்களில், எச்சரிக்கைப் பதிவுகளை முறைவைத்துப் பார்ப்பதாகவே அமைகிறது.

கேட் நுழைவுத்தேர்வுத் தகுதியுடன், தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇயின் அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களில் முழுநேர எம்.டெக். சேர்வோருக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு என்பது, செலவை எண்ணித் தயங்கும் குடும்பங்கள் பலவற்றுக்குத் தெரிவதில்லை. சேருமுன், கட்டணத்தோடு சேர்த்து, ஆய்வகம் தனி வலையமைப்பில் இயங்குகிறதா, ஆசிரியர்கள் இத்துறையில் கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறார்களா, முந்தைய மாணவர்களின் ஆய்வேடுகள் நூலகத்தில் படிக்கக் கிடைக்கின்றனவா என்பவற்றையும் கேட்டறிவது நல்லது. விளம்பரத் தாளில் காண முடியாததை இரண்டு ஆய்வேடுகள் காட்டிவிடும்.