படிவத்தில் உன் பெயர்

அன்பு மகளுக்கு,

 

விதானையார் தந்த வாக்காளர் படிவத்தில் உன் பெயரைப் போட வேண்டாம் என்று சொன்னாயாம். “யார் வந்தாலும் கடன்தான், வரிதான், எனக்கென்ன” என்றும் கேட்டாயாம். அம்மா ரெலிபோனில் சொன்னா. இரவு எனக்கு நித்திரை இல்லை. பதினெட்டு முடிந்த பிள்ளை, முடிவு உன்னுடையது; நான் தலையிடவில்லை. பெரியப்பா சொல்வதையும் ஒருக்கால் கேட்டுவிட்டு முடிவெடு.

2022 உனக்கு மறந்திராது. மார்ச் கடைசியில் பதின்மூன்று மணி நேர மின்வெட்டு. சாதாரணதரச் சோதனைக்கு நீ விளக்கில் படித்தாய். அப்பா காஸ் சிலிண்டரை வரிசையில் சங்கிலி போட்டு வைத்துவிட்டு, விடியமுன் எழும்பி இடம் பார்க்க ஓடினார். ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனை இப்போதைக்குக் கட்ட முடியாது என்று அரசாங்கம் கைவிரித்தது.

அது ஒரே நாளில் வந்த வினை இல்லை. 2019 தேர்தலில் வரியைக் குறைப்போம் என்றார்கள். வென்றதும் அந்த டிசம்பரிலேயே வற் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாக்கினார்கள். சனத்துக்குச் சந்தோஷம். திறைசேரியில் விழும் துண்டை எதைக் கொண்டு அடைப்பீர்கள் என்று கேட்டவர்கள் கொஞ்சப் பேர்தான். அடுத்த வருடம் கொரோனா வந்தது, உல்லாசப் பயணிகளின் வரவு நின்றது, வெளியில் கடன் தர ஆளில்லை, மத்திய வங்கி காசை அச்சடித்தது. இன்று அதே வற் 18 வீதம். நீ வாங்கும் சவர்க்காரத்திலும் போனுக்குப் போடும் ரீலோட்டிலும் அதைத்தான் கட்டுகிறாய். 2019இல் உனக்கு வாக்கே இல்லை. சனநாயகத்தில் எனக்குப் பொறுக்காதது இதுதான்: சலுகை இன்று வாக்குள்ளவனுக்கு, கடன் நாளைய பிள்ளைக்கு.

“நாங்கள் 2019இல் வென்றவருக்குப் போடவில்லையே” என்பாய். வடக்குப் பெரும்பாலும் மற்றப் பக்கம்தான் போட்டது, உண்மை. கடன் அதைப் பார்த்தா வந்தது?

வாக்குப் போடாமல் விட்டும் பார்த்தோம்; 2005 நவம்பர் ஜனாதிபதித் தேர்தலை நீ அறியமாட்டாய். வாக்களிக்கப் போகக்கூடாது என்று ஊருக்குள் சொல்லிவிட்டார்கள். யாழ்ப்பாண மாவட்டத்தில் நூற்றுக்கு இரண்டு பேர்கூடப் போடவில்லை. நாடு முழுவதும் எண்ணி முடித்தபோது வென்றவருக்கும் தோற்றவருக்கும் இடையில் ஏறத்தாழ 180,000 வாக்குகள். அதைவிடப் பல மடங்கு வாக்கு எங்கள் மாவட்டத்திலேயே சும்மா கிடந்தது. அதன்பிறகு நடந்தது எல்லாம் எங்கள் வீட்டுக்குத் தெரியும், எழுதவில்லை. 2007இல் சர்வதேசச் சந்தையில் முதல்தடவையாகப் பிணைமுறி விற்று 500 மில்லியன் டொலர் கடன் எடுத்ததும் அன்று வென்றவரின் அரசாங்கம்தான். தோற்றவர் வந்திருந்தால் கடனே இராது என்று நான் சொல்லவரவில்லை. எங்களைக் கேளாமலே எல்லாம் முடிந்தது என்பதை நினைத்துத்தான் இருபது வருடமாக என் மனம் ஆறவில்லை. அன்று எங்களைத் தடுத்தார்கள். உன்னை யார் தடுக்கிறார்கள் பிள்ளை?

இன்னொன்றும் கேள். 2023 மார்ச்சில் நடக்கவேண்டிய உள்ளூராட்சித் தேர்தலைக் காசில்லை என்று தள்ளிப்போட்டார்கள். அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் சொல்லி, கடைசியில் 2025 மே மாதம்தான் நடந்தது. கடன் முற்றினால் வாக்கையும் தின்னும். நாங்களாகவே அதை விட்டுக்கொடுப்பதா?

கட்சியை நான் சொல்லமாட்டேன். வீட்டுக்கு வருகிறவர் எதைத் தருவேன் என்றாலும் “காசு எங்கிருந்து?” என்று கேள். எந்த வரி, யாருடைய கடன், எப்போது கட்டுவது என்று விளக்கமாகச் சொல்கிறவரைக் கவனி. மழுப்புகிறவரை விட்டுவிடு. ஒருவரும் சரியில்லை என்றால் வாக்குச்சாவடிக்குப் போய் அதைச் சீட்டில் காட்டிவிட்டு வா. அதற்கும் பட்டியலில் பெயர் வேண்டும்.

கனக்கப் பேசிவிட்டேன், கோபிக்காதே. எங்கள் குடும்பத்தில் உன்னைப்போல் யோசிக்கிற பிள்ளை வேறில்லை. அதனால்தான் இவ்வளவும் எழுதினேன். பெயர் போட்டாலும் விட்டாலும் நீ என் செல்லம்தான், அதில் ஒரு மாற்றமும் இல்லை. பெரியம்மா பருத்தித்துறை வடையும் புழுக்கொடியலும் கட்டி வைத்திருக்கிறா. சனிக்கிழமை பஸ்ஸில் போட்டுவிடுகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு, நல்லாய்ப் படி. படிவத்தை விதானையார் வெள்ளிக்கிழமை வாங்க வருவாராம்.

என்றும் அன்புடன்,
பெரியப்பா