நன்னீர்ச் செடித்தொட்டியும் பாசித் தடுப்பும்: அந்தமான் தீவினர்க்கு ஒரு பாடம்

'பாசி' என்னும் சொல் தமிழில் இரு பொருள்பட வழங்கி வருகிறது. குளத்துப் படிகளில் காலை வழுக்கச் செய்யும் பசும்படலமும் பாசி. நீரடியில் தண்டும் இலையுமாக ஓங்கி நிற்கும் வேலம்பாசியும் பாசி. முன்னது வேர், தண்டு, இலை என்னும் பாகுபாடற்ற எளிய உயிர். பின்னதோ பூக்கும் உயர்நிலைத் தாவரம். கண்ணாடித் தொட்டியில் நீர்ச்செடி வளர்க்க விரும்புவோர் முதற்கண் இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். ஒளியையும் நீரிற் கரைந்துள்ள உப்புக்களையும் பெறுவதில் இவ்விரண்டும் ஒன்றோடொன்று போட்டியிடுவனவாம். செடியை வாழ்வித்து, அதன் வாயிலாகவே பாசியை அடக்குவதுதான் இக்கலையின் சாரம். இக்கட்டுரையில் உயர்நிலைத் தாவரத்தை 'நீர்ச்செடி' என்றும், மற்றதைப் 'பாசி' என்றும் குறிப்போம்.

அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் இத்தொட்டியை அமைப்போர்க்குச் சில வசதிகளும் சில இடையூறுகளும் உள்ளன. ஆண்டு முழுவதும் வெப்பம் மிகுதியாதலின் நீரைச் சூடேற்றும் கருவி வேண்டுவதில்லை. ஆயினும் பவள மணல், உப்பேறிய கிணறு, வைகறையிலேயே பாயும் வெயில், கோடையில் நீர்ப்பஞ்சம் ஆகியவை இங்குக் கவனிக்கத்தக்கன.

ஒரு பழைய சோதனை

இலண்டன் மாநகரில் இராபர்ட் வாரிங்டன் என்னும் இரசாயன அறிஞர், தாம் செய்த ஒரு சோதனையை 1850ஆம் ஆண்டில் இரசாயனச் சங்கத்தாருக்கு விளக்கினார். ஒரு கண்ணாடிக் கலத்தில் மணலிட்டு, நீர் நிரப்பி, வாலிஸ்நீரியா என்னும் நாடா போன்ற இலைகளையுடைய செடியை நட்டு, இரு பொன்மீன்களை விட்டார். மீன் வெளிவிடும் கரியமிலவாயுவைச் செடி ஏற்றுப் பிராணவாயுவை ஈந்தது. ஆயினும் சில நாட்களில் பழைய இலைகள் அழுகின; பசும்படலம் கண்ணாடியை மூடிற்று. பின்னர் அவர் குளத்து நத்தைகளைச் சேர்த்தார். அவை அழுகலையும் படலத்தையும் உண்ணவே நீர் தெளிந்தது.

செடியும் விலங்கும் ஒன்றையொன்று தாங்கும் என்னும் உண்மை இதனால் நிலைபெற்றது. ஆயினும் இதில் ஒரு நுட்பம் உண்டு. நத்தை பாசியை உண்டபின் அதன் கழிவு நீரிலேயே சேர்கிறது. பாசிக்கு உரமாகும் பொருள் தொட்டியைவிட்டு நீங்குவதில்லை. அதனை உண்மையில் நீக்குவன இரண்டே: வளர்ந்த செடியைக் கத்தரித்து வெளியே எடுத்தல், பழைய நீரை இறைத்துப் புதுநீர் பெய்தல். வாரிங்டனின் பாடத்தோடு இதனையும் சேர்த்துக் கொள்ளுதல் வேண்டும்.

தொட்டியும் அதன் இடமும்

தொடக்கத்தில் 60 செ.மீ. நீளமும், 30 செ.மீ. அகலமும், 30 செ.மீ. உயரமும் உள்ள தொட்டி ஏற்றது. இது 54 லிட்டர் கொள்ளும். மணலும் கண்ணாடியும் சேர்ந்து எடை 70 கிலோகிராமுக்குக் குறையாது. இத்தீவுகள் நிலநடுக்கம் மிகுந்தவை. ஆதலின் உயரமான மெல்லிய தாங்கியைத் தவிர்த்து, அகன்ற தாழ்ந்த மேசையைச் சுவரோடு பிணைத்து, அதன்மீது தொட்டியை அமைத்தல் நலம்.

சன்னலருகே வைத்தல் கூடாது. இந்திய நேரம் கிழக்கு 82½ பாகையைக் கொண்டு கணிக்கப்படுகிறது. ஸ்ரீவிஜயபுரம் (2024 வரை போர்ட் பிளேர் எனப்பட்டது) ஏறத்தாழ 92¾ பாகையில் உள்ளது. பாகை ஒன்றுக்கு 4 நிமிடமாக, இங்குக் கதிரவன் கடிகாரத்தைவிட ஏறக்குறைய 41 நிமிடம் முந்தி நடக்கிறான். வீட்டார் எழுமுன்னரே கிழக்குச் சன்னல் வழியே வெயில் தொட்டியில் இறங்கிவிடும். 'விளக்கை ஆறு மணி நேரமே எரிக்கிறேன். பாசி ஏன் குறையவில்லை?' என வினவுவோர், தாம் காணாத இவ்வொளியையும் கணக்கிற் சேர்க்க வேண்டும்.

மணல்

இங்குப் பலர் அறியாது செய்யும் பிழை, கடற்கரை மணலையும் பவளத் துண்டுகளையும் நன்னீர்த் தொட்டியில் இடுவதேயாம். அவை கால்சியம் கார்பனேட்டால் ஆனவை. சிறிது சிறிதாகக் கரைந்து நீரைக் கடினமாக்கிக் காரத்தன்மையை உயர்த்தும். அந்நீரில் கரைந்த கரியமிலவாயு பெரும்பாலும் பைகார்பனேட்டாக மாறிவிடும். வாலிஸ்நீரியாவும் ஹைட்ரில்லாவும் பைகார்பனேட்டையும் பயன்படுத்த வல்லவை. அவ்வாற்றல் இல்லாத செடிகள் மெலியும். மெலிந்த செடியின் இலையே பாசிக்கு முதல் இருப்பிடம். மேலும், பவளம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுவது. அதனை எடுத்தல் குற்றமாம்.

வாங்கிய மணலைச் சோதிக்கும் முறை எளிது. ஒரு கரண்டி மணலின்மேல் சிறிது வினிகரை ஊற்றுக. நுரைத்துப் பொங்கினால் அதில் சுண்ணாம்பு உண்டு, விலக்குக. நுரையாத மணலைப் பலமுறை கழுவிக்கொள்க. அடியில் 2 செ.மீ. அளவு எருக் கலவாத செம்மண்ணைப் பரப்பி, அதன்மேல் 4 அல்லது 5 செ.மீ. மணலால் மூடுக. பச்சை எருவை ஒருபோதும் இடலாகாது.

நீர்

நகரக் குழாய் நீரில் குளோரின் கலந்திருக்கும். வாயகன்ற கலத்தில் ஒரு நாள் திறந்து வைத்தால் அது பெரும்பாலும் நீங்கும். விரைவு வேண்டுமாயின் மீன் கடைகளில் கிடைக்கும் ஹைப்போ உப்பைச் சிறிது இடலாம். 2004 டிசம்பர் 26ஆம் நாள் நிகழ்ந்த பெருநிலநடுக்கத்தால் தென் அந்தமானின் நிலம் தாழ்ந்து, கடல்நீர் தாழ்நிலங்களுட் புகுந்தது. ஆதலின் கரையோரக் கிணற்று நீரை நாவால் உணர்ந்த பின்னரே பயன்படுத்துக, கரிக்குமாயின் ஆகாது.

மழைநீர் இங்குத் தாராளமாய்க் கிடைப்பது. ஆயினும் அதில் கால்சியம் முதலிய உப்புக்கள் மிகக் குறைவு. குழாய் நீரோடு சரிபாதி கலந்து பயன்படுத்துதல் நன்று. துத்தநாகம் பூசிய தகரக் கூரையிலிருந்து வழியும் முதல் மழையைச் சேமித்தல் கூடாது. துத்தநாகம் மீனுக்கும் நத்தைக்கும் நஞ்சாம்.

நடவும் மீனும்

செடிகளை ஒன்றிரண்டாக நட்டுப் பின்னர்ப் பெருக்கலாம் என எண்ணுதல் தவறு. முதல் நாளிலேயே தொட்டியின் அடிப்பரப்பில் பாதிக்குக் குறையாமல் நடுதல் வேண்டும். வெற்றிடம் எத்துணையோ அத்துணையும் பாசிக்குரியது. விரைந்து வளரும் வாலிஸ்நீரியா, ஹைட்ரில்லா ஆகியவற்றையே தொடக்கத்தில் கொள்க. வாலிஸ்நீரியாவின் வேர் மட்டும் மணலுட் செல்லவேண்டும். இலை கிளைக்கும் கழுத்துப் பகுதி புதைந்தால் அழுகும். சரணாலயங்களிலும் பழங்குடியினர்க்குரிய காப்பிடங்களிலும் செடி பறித்தல் சட்டப்படி கூடாது. வெளியிலிருந்து வாங்கியவற்றைப் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டின் இளஞ்சிவப்புக் கரைசலில் 10 நிமிடம் அமிழ்த்தி, கழுவி நடுக.

மீனின் கழிவிலிருந்தும் எஞ்சிய இரையிலிருந்தும் அம்மோனியா தோன்றுகிறது. இது கொடிய நஞ்சு. மணலிலும் வடிகட்டியிலும் வாழும் ஒருவகை நுண்ணுயிர்கள் இதனை நைட்ரைட்டாகவும், பிறிதொரு வகையின அதனை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரைட்டும் தீங்குடையதே, நைட்ரேட்டு அத்துணைத் தீங்கற்றது, செடிக்கு உணவாவது. இந்நுண்ணுயிர்கள் போதிய அளவு பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை மீன் விடாதிருத்தலோ, ஓரிரு சிறு மீன்களை மட்டும் விடுதலோ தக்கது. இரையை நாளைக்கு ஒருமுறை, இரண்டு மூன்று நிமிடங்களில் உண்டு தீரும் அளவே இடுக. மிஞ்சிய இரை மீனுக்கன்று, பாசிக்கே விருந்து.

பாசியின் வகைகளும் பரிகாரமும்

பாசி ஒரு நோயன்று. ஒளியும் உப்பும் செடியின் தேவைக்கு மிஞ்சி நிற்பதைக் காட்டும் அறிகுறியாம். வகையறிந்து பரிகாரம் செய்தல் வேண்டும்.

1. பழுப்புப் படலம்: புதுத் தொட்டியில் முதல் வாரங்களில் தோன்றும். டயாட்டம் என்னும் சிலிக்கா ஓடுடைய நுண்ணுயிரே இது. துணியால் துடைத்தாற் போதும். செடி வேரூன்றிய பின் பெரும்பாலும் தானே மறையும்.

2. பச்சை நீர்: ஒற்றைச் செல் பாசிகள் நீரில் மிதந்து பெருகுவதால் நேர்வது. நீரை மாற்றுவதால் மட்டும் தீராது. தொட்டியைக் கருந்துணியால் 3 அல்லது 4 நாள் முழுதும் மூடுக. செடி தன் சேமிப்பைக் கொண்டு பிழைத்திருக்கும், பாசி மடியும். அந்நாட்களில் இரை இடற்க. காற்றுக் குழாயை இயக்குக. பின்னர் நீரில் மூன்றிலொரு பங்கை மாற்றுக.

3. நூற்பாசி: ஸ்பைரோகைரா முதலியவை. கரடுமுரடான குச்சியைச் சுழற்றி நூல் சுற்றுவதுபோற் சுற்றி எடுக்கலாம். ஒளி நேரத்தை 6 மணியாகக் குறைக்க வேண்டும்.

4. பச்சைப் புள்ளி: கண்ணாடியில் கெட்டியாய் ஒட்டுவது. பழைய சவரத் தகட்டால் சுரண்டுக.

5. கருங்குஞ்சப் பாசி: இலை விளிம்பில் கரிய குஞ்சமாய்த் தோன்றினும் இது செம்பாசி இனம். சாராயத்தில் இட்டால் பசுநிறம் கரைந்து செந்நிறம் வெளிப்படும். தாக்குண்ட இலைகளைக் கத்தரித்து நீக்குக.

6. நீலப்பசும் படலம்: மணலின்மேல் வழுவழுப்பான விரிப்பாய்ப் படர்ந்து துர்நாற்றம் வீசும். இது பாசியன்று, பாக்டீரியா இனத்தது. குழாய்வழி உறிஞ்சி எடுத்து, நீரோட்டத்தை மிகுவித்து, மேற்கூறியவாறு இருட்டடிப்பும் செய்க. மனிதர்க்குரிய மருந்துகளை இதற்கெனத் தொட்டியில் இடுதல் தகாது.

மயில்துத்தம் பாசியைக் கொல்லும் என்பது உண்மையே. ஆயின் நத்தையையும் இறாலையும் சேர்த்துக் கொல்லும். அன்றியும் மென்னீரில் செம்பின் நச்சுத்தன்மை மிகும். மழைநீர் கலந்த நம் தொட்டிகளுக்கு அது பேரிடரே. இன்னொரு தீங்கும் உண்டு. பாசி ஒருங்கே மடிந்து அழுகுங்கால் நீரிலுள்ள பிராணவாயு செலவாகிவிடும். 20 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் பிராணவாயுவைக் கொள்ளும்; 30 பாகையில் 7½ மில்லிகிராமே கொள்ளும். நம் நீரோ எப்போதும் வெதுவெதுப்பானது. இரவில் செடியும் பிராணவாயுவை உட்கொள்ளுமாதலின், விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் திறந்து மூச்சு வாங்கினால் உடனே காற்றேற்றி நீர் மாற்ற வேண்டும்.

வாரந்தோறும் காற்பங்கு, அதாவது 12 லிட்டர் அளவு, நீர் மாற்றுதல் பொது விதி. கோடையில் குடிநீருக்கே முறைவைக்கும் காலத்தில் இது மிகையெனத் தோன்றலாம். அப்போது மீனையும் இரையையும் குறைத்தால் நீர் மாற்றும் தேவையும் குறையும். இறைத்த நீரில் நைட்ரேட்டு உண்டு. அதனைத் தென்னைக்கோ வீட்டுத் தோட்டத்துக்கோ பாய்ச்சுக. ஒரு துளியும் வீணாகாது.

மாணவர்க்கு ஒரு சோதனை

ஒரே அளவான மூன்று கண்ணாடிச் சாடிகளில் பழைய தொட்டி நீரைச் சமமாய் நிரப்புக. முதலாவதை வெளிச்சத்தில் வைக்க. இரண்டாவதில் ஹைட்ரில்லாவை நெருக்கமாய் இட்டு அதனருகே வைக்க. மூன்றாவதைக் கரிய தாளாற் சுற்றுக. இரண்டு மூன்று வாரம் கழித்து ஒப்பிடுக. முதலாவது பசுமையேறும்; மூன்றாவது தெளிவாய் நிற்கும்; இரண்டாவது, அதே ஒளியைப் பெற்றும், முதலாவதைவிடத் தெளிவாய் இருக்கும். ஒளியைத் தடுத்தும் பாசியை அடக்கலாம். செடியை வளர்த்தும் அடக்கலாம் என்பது இதனால் விளங்கும்.

தீவினரின் தனிக்கடமை

இறுதியாகக் கூறுவது அனைத்தினும் முக்கியமானது. தொட்டியிலுள்ள செடி, மீன், நத்தை எதனையும் ஓடையிலோ குளத்திலோ விடுதல் கூடாது. தீவின் ஓடைகள் சிறியவை. அவற்றின் உயிரினங்கள் பிறவிடத்து உயிர்களோடு போட்டியிட்டுப் பழகாதவை. ஆப்பிரிக்கப் பெருநத்தை இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் இத்தீவுகளைக் கைக்கொண்டிருந்த காலத்தில் (1942–45) இங்குப் புகுந்தது. தோட்டப் பயிர்களுக்கு அது இன்றும் தொல்லையாய் உள்ளது. ஒருமுறை பரவிய உயிரைத் திரும்ப அழைத்தல் இயலாது.

பாசி தின்னும் என்று கடைகளில் விற்கப்பெறும் 'சக்கர்' மீனும் இத்தகையதே. விரலளவாய் வாங்கப்படும் அது ஓரடிக்கு மேலும் வளரும். தொட்டி கொள்ளாதபோது மனமிரங்கி ஓடையில் விடுவோர் உளர். பெருநிலத்தில் கொல்கத்தாவின் நீர்நிலைகளிலும், தமிழ்நாடு, ஆந்திரம் முதலிய மாநிலங்களிலும் அது பெருகி மீனவர் வலைகளைக் கிழித்து வருகிறது. இரக்கத்தாற் செய்த செயல் ஓடை முழுவதற்கும் கேடாய் முடிகிறது. வேண்டாத மீனை வேறொரு தொட்டியுடையார்க்கு அளிக்க. கத்தரித்த செடியை நன்கு வெயிலில் உலர்த்தி மண்ணிற் புதைக்க.

குறைந்த ஒளி, நெருங்கிய நடவு, அளவான இரை, தவறாத நீர்மாற்றம் ஆகிய நான்கையும் கடைப்பிடிப்போர் பாசிக்கு அஞ்ச வேண்டுவதில்லை. தொட்டியின் எல்லைக்குள் உள்ளதைத் தொட்டியிலேயே நிறுத்துதல் ஐந்தாவதாகும். அது நம் வீட்டுக்காக அன்று, தீவுக்காக.