தரங்கம்பாடி – ஒரு கடற்கரை ஊரின் கதை

நுழையும்முன்

நெய்தல் நிலத்து ஊர்களின் வாழ்வு கடலோடு பிணைந்தது. வணிகத்தைக் கரைசேர்ப்பதும் கடலே. கட்டியெழுப்பியவற்றைக் கரைத்துச் செல்வதும் கடலே. இவ்விரண்டையும் கண்ட ஊர் ஒன்றை இப்பாடம் அறிமுகப்படுத்துகிறது.

பெயரும் பழைமையும்

மயிலாடுதுறை மாவட்டத்தில் வங்கக் கடலையொட்டி அமைந்துள்ளது தரங்கம்பாடி. ‘தரங்கம்’ என்பது அலையைக் குறிக்கும். ‘அலைகள் பாடும் ஊர்’ எனப் பலரும் பொருள் கூறுவர். கேட்க இனிமையான விளக்கம்தான். ஆயினும், ‘பாடி’ என்னும் சொல்லுக்கு ஊர், குடியிருப்பு என்னும் பொருள் உண்டு என்பதையும் மறத்தலாகாது. பாண்டிய மன்னன் குலசேகரன் காலத்துக் கல்வெட்டு இவ்வூரைச் ‘சடங்கன்பாடி’ எனக் குறிக்கிறது. அக்காலத்து மாசிலாமணிநாதர் கோவில் இன்றும் கரையில் நிற்கிறது.

டேனியர் வருகை

மிளகு வணிகத்தை நாடி வந்த டென்மார்க் நாட்டினர், 1620ஆம் ஆண்டில் தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டனர். ஓவ் கெட்டே என்னும் கப்பற்படைத் தலைவர் தலைமையில் டேன்ஸ்பர்க் கோட்டை எழுந்தது. கோட்டையைச் சுற்றி வீதிகளும் தேவாலயங்களும் அமைந்தன. நகரின் நுழைவாயில் இன்றும் டேனியர் காலத்தை நினைவூட்டுகிறது.

மணலில் எழுதிய எழுத்து

1706ஆம் ஆண்டு சூலைத் திங்களில் செருமானியரான சீகன்பால்கு இங்கு வந்திறங்கினார். சமயப் பணிக்காக வந்த அவர், சிறுவர்களோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். பின்னர், செருமனியின் ஹாலே நகரில் தமிழ் அச்செழுத்துகள் வார்க்கப்பட்டு இங்கு வந்து சேர்ந்தன. அவை அளவிற் பெரியனவாக இருந்தமையால் காகிதம் மிகுதியாகச் செலவாயிற்று. எனவே, சிறிய எழுத்துகள் இங்கேயே வார்க்கப்பட்டன. அருகிலுள்ள பொறையாற்றில் காகித ஆலையும் நிறுவப்பட்டது. 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் முழுமையாக அச்சேறியது. 1719இல் தம் முப்பத்தாறாம் வயதில் சீகன்பால்கு இவ்வூரிலேயே மறைந்தார்.

தெரிந்து தெளிவோம்

தமிழில் அச்சான முதல் நூல் தரங்கம்பாடியில் வெளிவந்ததன்று. ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் நூல் 1578ஆம் ஆண்டிலேயே கொல்லத்தில் அச்சிடப்பட்டது.

தாழ்வும் இழப்பும்

1845இல் டேனியர் இவ்வூரை ஆங்கிலேயருக்கு விற்றனர். நாகப்பட்டினத்திற்கு இருப்புப்பாதை அமைந்தபின் வணிகம் அங்குச் சென்றது. தரங்கம்பாடித் துறைமுகம் ஓய்ந்தது. பெருநகராக வளராமற் போனதே, பழைய வீதிகள் உருமாறாமல் எஞ்சியதற்கு ஒரு காரணமாயிற்று எனலாம்.

ஆனால், கடல் ஓயவில்லை. கடலரிப்பினால் மாசிலாமணிநாதர் கோவிலின் கீழ்ப்புறப் பகுதி அலைகளுக்கு இரையாயிற்று. எஞ்சியதைக் காக்கக் கரையில் கருங்கற்கள் கொட்டப்பட்டுள்ளன. 2004ஆம் ஆண்டு திசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை, மீனவர் குடியிருப்புகளைச் சிதைத்துப் பல உயிர்களைக் கவர்ந்தது.

எதனைக் காப்பது?

இன்று கோட்டையையும் கடற்கரையையும் காணப் பயணிகள் வருகின்றனர். வருவோர் கண்களுக்குக் கோட்டையே முதலிற் படும். அக்கோட்டை எழுவதற்கு முன்பும், அதன் கொடி இறங்கிய பின்பும், இக்கரையிலிருந்து நாள்தோறும் கடலுக்குச் செல்வோர் மீனவரே. பழைய சுவர்களைச் செப்பனிடுவது கடமை. அச்சுவர்களின் அருகே வலை உலர்த்துவோரின் வாழ்வும் கரையும் நிலைபெறுவது அதனினும் பெரிய கடமை. மக்கள் நீங்கிய ஊர் காட்சிப்பொருளாகலாம், ஊராகாது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊர்ப்பெயரின் பொருளை முதியோரிடம் கேட்டறிந்து, கல்வெட்டுச் சான்று இருப்பின் அதனோடு ஒப்பிடுக.

2. ‘நினைவுச் சின்னங்களைக் காப்பதும் மக்கள் வாழ்வைக் காப்பதும்’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.