மன்னாரா, பெருநகரமா? குடும்பமாகத் தீர்மானிப்போம்

1990 இல் மன்னாரை விட்டுப் போனவர்கள் ஒரே இடத்துக்குப் போகவில்லை. பலர் படகேறி இராமேசுவரம் சென்று தமிழ்நாட்டு முகாம்களில் தங்கினார்கள். அவ்வாண்டு ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் பெருமளவானவை புத்தளம், கற்பிட்டிப் பக்கம் குடியேறின. இன்னும் சிலர் கொழும்பிலும் வவுனியாவிலும் வாழ்க்கையை அமைத்துக்கொண்டார்கள். அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு மன்னார் என்பது பெற்றோர் சொன்ன கதை மட்டுமே. அதனால்தான் பல வீடுகளில் மூத்தவர்கள் "ஊருக்குப் போவோம்" என்கிறார்கள், இளையவர்கள் "அங்கே என்ன இருக்கிறது?" என்று கேட்கிறார்கள். இரு பக்கத்திலும் நியாயம் உண்டு. எங்கே வாழ்வது என்பது உங்கள் விருப்பம். ஒப்பிட்டுப் பார்க்க இப்பாடம் உதவும்.

1. வருமானமும் செலவும்

பெருநகரில் நாட்கூலி வேலை கிடைப்பது எளிது. ஆனால் வீட்டு வாடகை, முற்பணம், பயணச் செலவு ஆகியன சம்பளத்தில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். மன்னாரில் சொந்தக் காணி இருந்தால் வாடகை இல்லை. கோழி, ஆடு வளர்க்கலாம். ஆனால் வருமானம் பருவத்தைப் பொறுத்தது. சோளகக் காற்றில் தென்கடலும் வாடைக் காற்றில் வடகடலும் கொந்தளிக்கும். கட்டுக்கரைக்குளத்தை நம்பிய வயல்களில் பெரும்போகமே முதன்மையானது. சிறுபோகம் குளத்து நீரைப் பொறுத்தது. எனவே ஒரு மாத வருமானத்தை அல்ல, ஓராண்டு வருமானத்தை ஒப்பிடுங்கள்.

2. பிள்ளைகளின் படிப்பு

ஆரம்பப் பாடசாலை பெரும்பாலும் ஊருக்கு அருகிலேயே உண்டு. உயர்தர விஞ்ஞானப் பிரிவு எல்லாப் பாடசாலைகளிலும் இல்லை. மாவட்டத்தில் மன்னார், மடு என இரண்டு கல்வி வலயங்கள் உள்ளன. உங்கள் கிராமம் எந்த வலயத்தில் வருகிறதோ அந்த வலயக் கல்வி அலுவலகத்தில் விசாரியுங்கள். இந்தியாவில் படித்த பிள்ளைக்குப் பாடத்திட்டம் மாறும். சிங்களம் புதிய பாடமாக வரும். பரீட்சை ஆண்டின் நடுவே பாடசாலை மாற்றுவதைத் தவிருங்கள். விடுகைப் பத்திரத்தைக் கையோடு கொண்டுவாருங்கள்.

3. மருத்துவம், குடிநீர், போக்குவரத்து

மாவட்ட பொது வைத்தியசாலை மன்னார் நகரில் உள்ளது. சில விசேட சிகிச்சைகளுக்கு யாழ்ப்பாணம், அநுராதபுரம் அல்லது கொழும்பு போக வேண்டிவரும். வீட்டில் நீண்டகால நோயாளி இருந்தால் இதை முதலில் கணக்கிடுங்கள். தீவில் பல இடங்களில் கிணற்று நீர் உவர். குழாய் நீர் உண்டா எனக் கேளுங்கள். முன்பைவிடப் பயணம் இலகு: தீவை இணைக்கும் புதிய பாலம் 2010 இலும், தலைமன்னார் வரையான புகையிரதப் பாதை 2015 இலும் திறக்கப்பட்டன.

4. காணியும் பத்திரங்களும்

மன்னார் நகரம், நானாட்டான், முசலி, மாந்தை மேற்கு, மடு ஆகிய ஐந்து பிரதேச செயலகங்களில் உங்களுடையது எதுவெனப் பாருங்கள். அரச அனுமதிப்பத்திரக் காணி என்றால் அங்குள்ள காணிப் பிரிவிலும், உறுதிக் காணி என்றால் காணிப் பதிவகத்திலும் இன்றைய நிலையை அறியுங்கள். வேறொருவர் குடியிருந்தால் சண்டைக்குப் போகாமல் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள். கண்ணிவெடி அகற்றப்பட்டதா என்பதைக் கிராம அலுவலரிடம் உறுதிப்படுத்தாமல் பற்றைக்காட்டை வெட்டாதீர்கள். இந்தியாவில் பிறந்த பிள்ளைகளின் பிறப்பு, குடியுரிமைப் பதிவைப் புறப்படுமுன் சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர் ஸ்தானிகராலயத்தில் தொடங்குங்கள்.

5. ஒரே நாளில் முடிவு வேண்டாம்

தந்தை முதலில் வந்து காணியைத் துப்புரவாக்கி ஒரு பருவம் தொழில் செய்து பார்க்கலாம். மகள் பரீட்சை முடியும்வரை தாயோடு நகரில் இருக்கலாம். ஆனால் இரண்டு வீட்டுச் செலவைத் தாங்கும் காலத்தை முன்பே வரையறுங்கள். குடும்பப் பதிவை மாற்றுமுன் இரு இடத்துக் கிராம அலுவலர்களிடமும் கேளுங்கள். உதவித் திட்டங்கள் பல பதிவுள்ள இடத்தைப் பொறுத்தே கிடைக்கும்.

வீட்டில் பேசுவதற்கான கேள்விகள்

• தொழில் இல்லாத மாதங்களில் எதைக் கொண்டு சாப்பிடுவோம்?
• ஒவ்வொரு பிள்ளையும் அடுத்த மூன்று ஆண்டுகளில் எந்தப் பரீட்சை எழுதும்?
• காணி யார் பெயரில் உள்ளது? கணவனை இழந்த பெண்ணின் உரிமை பத்திரத்தில் உண்டா?
• வராமல் நிற்க விரும்பும் பிள்ளையின் காரணத்தைக் கேட்டோமா?

கடைசிக் கேள்விக்குப் பதில் கிடைக்கும்வரை பொருட்களைக் கட்ட வேண்டாம்.