ரவை மேல் நிற்கும் மலை

கோவையில் இருக்கும் என் தங்கை மகன் போன வாரம் போன் செய்தான். "மாமா, குல்மர்க்ல இந்த வருஷம் பனியே சரியா விழலையாம். அதனால பனிச்சரிவு பயம் கிடையாதுன்னு எல்லாரும் சொல்றாங்க. ஜனவரியில பேக்கன்ட்ரி போயிட்டு வந்துடலாம்னு இருக்கோம்."

எல்லாரும் என்றால் யாரடா என்று கேட்டேன். அவனோடு பனிச்சறுக்குப் பயிற்சி எடுத்த இரண்டு பேர், ஒரு டாக்சிக்காரர், விடுதியில் போனை எடுத்தவர். இதே வாக்கியத்தை நான் மலையடிவாரத் தங்மர்க்கின் தேநீர்க் கடையில் கேட்டிருக்கிறேன், கோண்டோலா கம்பிவண்டி வரிசையில் கேட்டிருக்கிறேன், சென்னையில் ஒரு கல்யாணப் பந்தியில் பாயசத்துக்கும் மோருக்கும் நடுவில்கூடக் கேட்டிருக்கிறேன். பனி குறைந்தால் சரிவும் குறையும். ஏரியில் தண்ணீர் இல்லாவிட்டால் கரை எப்படி உடையும் என்பது மாதிரியான தர்க்கம். எத்தனை முறை மறுத்தாலும் அடுத்த குளிர்காலத்தில் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்துவிடுகிறது. இந்த முறை எழுதியே தீர்த்துவிடுகிறேன்.

முதலில் இடத்தைச் சொல்ல வேண்டும். காஷ்மீரின் குல்மர்க் புல்வெளி ஏறக்குறைய 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கோண்டோலா இரண்டு கட்டமாக அஃபர்வாத் மலையின் தோள் வரை, கிட்டத்தட்ட 4,000 மீட்டருக்கு, ஆளைத் தூக்கிக்கொண்டு போய் விட்டுவிடும். இறங்கியதும் கண்காணிப்புக்கு உட்பட்ட பகுதி கொஞ்சம்தான். எல்லையைத் தாண்டிவிட்டால் மற்றதெல்லாம் பேக்கன்ட்ரி: வெடி வைத்துப் பனியை முன்கூட்டியே இறக்கிவிட ஆள் கிடையாது, பாதை போட்டுத் தர ஆள் கிடையாது. ஐரோப்பாவில் அரைநாள் மூச்சிரைக்க ஏறிச் சேர வேண்டிய சரிவுகளுக்கு இங்கே டிக்கெட் எடுத்தால் போதும். அதனால்தான் உலகம் முழுவதிலுமிருந்து வருகிறார்கள். அதனால்தான் இரண்டு வாரப் பயிற்சி முடித்த என் மருமகனும் கிளம்புகிறான்.

நான் கல்லூரியில் முப்பது வருஷம் வெப்ப இயற்பியல் நடத்தியவன். எனக்குத் தெரிந்த வழியிலேயே சொல்கிறேன். பனி மூடிய தரையின் வெப்பநிலை குளிர்காலம் முழுக்க பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டியே நிற்கும். பனிக்குள் சிறைப்பட்டிருக்கும் காற்று கம்பளிபோலத் தரையைப் போர்த்திவிடுகிறது. மேற்பரப்போ மேகமில்லாத இரவில் வானத்துக்கு வெப்பத்தை வாரி இறைத்துவிட்டு, காற்றைவிடவும் குளிர்ந்து போகும். மேலே மைனஸ் 12 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பனி ஒன்றரை மீட்டர் ஆழம் என்றால் மீட்டருக்கு 8 டிகிரி வித்தியாசம். அதே இரவு, அதே குளிர், பனி வெறும் 40 சென்டிமீட்டர் என்றால்? மீட்டருக்கு 30 டிகிரி.

பனி ஆராய்ச்சிக்காரர்கள் வைத்திருக்கும் எல்லைக்கோடு மீட்டருக்கு சுமார் 10 டிகிரி. அதற்குக் கீழே இருந்தால் பனித்துகள்கள் முனை மழுங்கி, உருண்டு, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதைத் தாண்டினால் எல்லாம் தலைகீழ். அடியில் உள்ள துகளிலிருந்து நீராவி கிளம்பி, மேலே குளிர்ந்திருக்கும் துகளின் வயிற்றில் போய் நேராகப் பனிக்கட்டியாக உறைகிறது. இட்லிப் பானை மூடியில் ஆவி படிவதை நினைத்துக்கொள்ளுங்கள், இங்கே சொட்டுக்குப் பதில் படிகம். சில வாரங்கள் இப்படியே போனால் அடி அடுக்கு முழுக்கப் பட்டை தீட்டியதுபோன்ற, ஒட்டுதலே இல்லாத பெரிய படிகங்களாக மாறிவிடும். நல்ல பனியைக் கையில் பிடித்தால் கொழுக்கட்டை மாவுபோல விரல் தடத்தோடு நிற்கும். இதைப் பிடித்தால் ரவைபோல விரலிடுக்கில் ஓடிவிடும்.

(பதங்கமாதல் என்றதும் நம் பிள்ளைகளுக்குக் கற்பூரம் ஞாபகம் வரும், அத்தோடு சரி. திடப்பொருள் நேரே ஆவியாகும், ஆவி நேரே திடப்பொருளாகும் என்பதன் பின்பாதியை யாரும் நடத்துவதே இல்லை. அஃபர்வாத்தில் ஆளைக் கொல்வது அந்தப் பின்பாதி.)

இத்தனைக்கும் இதுவரை மலை சும்மாதான் இருக்கிறது. ரவை தானாகச் சறுக்காது. அதன்மேல் பாளமாக ஏதாவது உட்கார வேண்டும். "பனி குறைவு, பயமில்லை" என்பதில் ஒரு துளி உண்மை உண்டென்றால் இதுதான்: மேலே பாளம் இல்லாத வரைக்கும் பயமில்லை. பாளம் எப்போது வரும்? மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் மேற்கத்தியக் குளிர்கால மழைமேகம் ஒன்று தாமதமாக வந்து, இரண்டு மூன்று நாளில் மொத்தப் பாக்கியையும் கொட்டித் தீர்க்கும்போது.

2024ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் 21இல் தொடங்கும் நாற்பது நாள் கடுங்குளிரைக் காஷ்மீரிகள் சில்லை கலான் என்பார்கள். பனி சேர வேண்டிய காலம் அது. அந்த ஜனவரியில் குல்மர்க் புல்வெளி பழுப்பாகக் கிடந்த படங்களை நாடே பார்த்தது. மாதக் கடைசியில்தான் பனி வந்தது, பிப்ரவரியில் அள்ளிக் கொட்டியது. பிப்ரவரி 22 அன்று குல்மர்க்குக்கு மேலே கில்லன்மர்க் பக்கம் பனிச்சரிவு. ரஷ்யாவிலிருந்து வந்த ஒருவர் இறந்தார், கூட இருந்தவர்களை மீட்டார்கள். வறண்ட ஜனவரி, கனத்த பிப்ரவரி, அப்புறம் சரிவு. பாடப்புத்தகத்தில் போடுகிற வரிசை. அடுத்த ஆண்டும் பனியில்லாமல் பிப்ரவரிக் கடைசியில் நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டைத் தள்ளிவைத்து மார்ச்சில் நடத்தினார்கள். குளிர்காலம் பின்னோக்கி நகர்கிறது. விடுமுறைக் கணக்கு மட்டும் நகரவில்லை.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆழமான பனியில் உங்கள் எடை அடியிலுள்ள பலவீன அடுக்கு வரை போய்ச் சேராது, மேலேயே பரவிவிடும். பனி மெல்லியதாக இருக்கும் இடத்தில், முக்கியமாகப் பாறை எட்டிப்பார்க்கும் ஓரத்தில், நேரே ரவையைத்தான் மிதிக்கிறீர்கள். "பாறை தெரியுது, இங்கே ஆழமில்லை, ஓரமா போயிடலாம்" என்று ஒதுங்குகிற புத்திசாலி, சரிவைத் தட்டிவிடும் விசை எங்கே இருக்கிறதோ அங்கேயே கால் வைக்கிறார். காலடியில் 'வூம்ப்' என்று அமுங்கும் ஓசை கேட்டால் ரவை நொறுங்கிவிட்டது என்று பொருள். நின்று காணொளி எடுக்கிற நேரமல்ல அது.

மற்ற வதந்திகளுக்கு இவ்வளவு இடம் தரமாட்டேன்.

கத்தினால் பனி சரியும் என்பது சினிமா. குரல் எழுப்பும் காற்றழுத்தம் பனி அடுக்கை உடைக்கப் போதவே போதாது. கத்தாமல் போனேன், பத்திரம் என்று நினைப்பதுதான் ஆபத்து. ஆட்கள் சிக்கி இறக்கும் சரிவுகளில் பத்தில் ஒன்பதைத் தொடங்கிவைப்பது அவர்களோ அவர்களோடு வந்தவர்களோதான்.

நேற்று நாலு பேர் சறுக்கிய தடம் இருக்கிறது, ஆகவே பத்திரம். நாலு பேர் விசையை மிதிக்கவில்லை, அவ்வளவுதான்.

பூமி சூடாகிறது, இனிப் பனிச்சரிவே இருக்காது. மேற்கு இமயமலையில் மர வளையங்களை வைத்து 150 ஆண்டுக் கணக்கெடுத்து 2018இல் வெளியான ஆய்வு, வெப்பம் கூடக்கூடச் சரிவுகள் அதிகரித்ததாகவே சொல்கிறது. பனிமேல் மழை பெய்வதும் குளிர்காலத்திலேயே ஈரப்பனி சரிவதும் யாருக்கும் நல்லதல்ல.

பீக்கன் கட்டியிருக்கிறேன், கவலையில்லை. பீக்கன் தாயத்தா? புதைந்தவர் இருக்குமிடத்தை அது காட்டும், தோண்டாது. பழைய கணக்குப்படி 15 நிமிடத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைப்பார்கள், 35 நிமிடமானால் மூன்று பேர்தான். சுவிட்சர்லாந்துப் பதிவுகளை வைத்து 2024இல் வந்த ஆய்வு அந்த முதல் கெடுவையே 10 நிமிடமாகக் குறைத்துவிட்டது. கூட வருகிறவனிடம் குத்திப் பார்க்கும் கம்பியும் மண்வெட்டியும் இருக்கின்றனவா, அவனுக்கு அவற்றைப் பிடிக்கத் தெரியுமா என்று கேளுங்கள். தெரிந்தாலும் மெத்தனம் வேண்டாம்: 2010 பிப்ரவரியில் கில்லன்மர்க்கில் சரிந்த பனி, உயர்மலைப் போர்ப் பயிற்சியில் இருந்த 17 ராணுவத்தினரைக் கொன்றது. பயிற்சி பெற்றவன், உடல்வலு உள்ளவன் என்றெல்லாம் பனி ஆள் பார்ப்பதில்லை.

என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். தோண்டுங்கள். தரை வரை ஒரு குழி. பக்கச் சுவரில் பத்து சென்டிமீட்டருக்கு ஒருமுறை வெப்பமானியைச் செருகிக் குறித்துக்கொள்ளுங்கள். அடி அடுக்கை விரலால் நோண்டிப் பாருங்கள். பிறகு 90 சென்டிமீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் தடிப்பில் ஒரு தூணைப் பிரித்தெடுத்து, அதன் ஒரு முனையில் மண்வெட்டியை வைத்து மணிக்கட்டிலிருந்து பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து. விரிசல் இந்த முனையில் கிளம்பி அந்த முனைக்கு ஓடினால் மூட்டையைக் கட்டுங்கள். விரிசல் ஓடவில்லை என்பது அந்த ஒரு குழிக்கு மட்டுமான சேதி, மலைக்கே கொடுத்த சான்றிதழ் ஆகாது. சரிவின் கோணத்தைப் போனை வைத்தே அளக்கலாம். பெரும்பாலான பாளச் சரிவுகள் 30 முதல் 45 டிகிரிக்குள் கிளம்புகின்றன. சறுக்க ஆசை வருவதும் அதே கோணத்தில்தான்.

பல வருஷமாகச் சொல்லிவரும் என் கோரிக்கை ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். டிக்கெட் கொடுக்கும் சன்னலுக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை. இன்று எங்கே குழி தோண்டினார்கள், ஆழம் எவ்வளவு, அடியில் வெப்பநிலை என்ன, எத்தனையாவது தட்டில் உடைந்தது. நான்கே வரி, உருதுவில், இந்தியில், ஆங்கிலத்தில். மாவட்டம் முழுமைக்கும் ஒரே சொல்லில் 'நடுத்தர ஆபத்து' என்று வரும் எச்சரிக்கையைப் படித்துவிட்டு யாரும் திரும்பிப் போனதாக நான் பார்த்ததில்லை. 'நேற்று பன்னிரண்டாம் தட்டில் உடைந்தது' என்று சுண்ணாம்புக்கட்டியில் எழுதியிருந்தால் நின்று படிப்பார்கள். செலவு ஒரு பலகை, ஒரு வெப்பமானி.

இவ்வளவையும் மருமகனிடம் முக்கால் மணி நேரம் போனில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். நேற்று மறுபடி கூப்பிட்டான்.

"நீங்க சொன்னது சரி மாமா. ஜனவரி வேணாம்னு முடிவு பண்ணிட்டோம். டிக்கெட்டை மாத்தியாச்சு."

"எப்போதைக்கு?"

"பிப்ரவரிக்கு. நல்லா ஒரு கொட்டு கொட்டட்டும், மறுநாளே மேல போயிடுவோம்."

வெப்பமானியை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை நானே கோவைக்குப் போகிறேன்.