மண்ணைப் படித்தவர்கள்

நுழையும்முன்

ஏட்டில் எழுதப்படாத அறிவும் அறிவே. கண்ணாலும் கையாலும் தலைமுறைதோறும் கற்பிக்கப்படும் அத்தகைய அறிவு, சில சிறு குடியிருப்புகளில் தங்கி நாடு முழுவதற்கும் பயன்படுகிறது. அதனை உடையவர்கள் செங்கல்பட்டு மாவட்ட இருளர்கள். அவர்தம் வாழ்வையும் தொழிலையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

ஏரிக்கரைக் குடியிருப்புகள்

சென்னையின் தென்பகுதியில் கோரையும் நீரும் பரந்து கிடப்பது பள்ளிக்கரணைச் சதுப்புநிலம். 2022ஆம் ஆண்டில் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட இந்நிலத்தைச் சூழ அடுக்குமாடிகள் எழுந்துள்ளன. பறவைகளைப் போலவே பாம்புகளும் இங்கு வாழ்கின்றன. வீட்டு வாயிலில் பாம்பைக் கண்டால் நகரத்தார் அஞ்சி ஓடுவர். இங்கிருந்து தெற்கே மாமல்லபுரம், செங்கல்பட்டுப் பகுதிகளுக்குச் சென்றால், அதே பாம்பின் தடத்தைப் பார்த்து அதன் வழியையும் வளையையும் கூறவல்ல மக்களைக் காணலாம்.

ஏரிக்கரைகளிலும் காட்டோரங்களிலும் சில வீடுகளே கொண்ட குடியிருப்புகளில் இருளர்கள் வாழ்கின்றனர். வயலில் எலி பிடித்தலும், மூலிகை பறித்தலும், தேன் எடுத்தலும் இவர்தம் பழந்தொழில்கள். மாசி மாத முழுநிலவு நாளில் மாமல்லபுரக் கடற்கரையில் கூடிக் கன்னியம்மனை வழிபடுவர். திருமணங்களையும் அங்கேயே நடத்துவர்.

சட்டமும் வாழ்வும்

ஒரு காலத்தில் பாம்புத்தோல் வணிகர்களுக்காக இருளர்கள் பாம்பு பிடித்தனர். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் பின்னர் வந்த ஏற்றுமதித் தடையும் அவ்வணிகத்தை நிறுத்தின. பாம்புகள் காக்கப்பட்டன, ஆனால், அவற்றை நம்பி வாழ்ந்தோர் பிழைப்பிழந்தனர்.

இந்நிலையில், பாம்பியல் அறிஞர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியால் 1978ஆம் ஆண்டில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. வடநெம்மேலியில் இயங்கும் இச்சங்கத்தின் உறுப்பினர்கள் அரசின் உரிமம் பெற்றுப் பாம்புகளைப் பிடிக்கின்றனர். பிடித்த பாம்பைச் சில வாரங்கள் மண்பானையில் வைத்துக் காப்பர். உரிய இடைவெளியில் நஞ்செடுப்பர். வயிற்றுச் செதிளில் அடையாளமிட்டு மீண்டும் காட்டில் விடுவர். கொல்வதற்குப் பயன்பட்ட திறன், இவ்வாறு உயிர்காக்கும் திறனாயிற்று.

நஞ்சே மருந்து

உலர்த்தித் தூளாக்கப்பட்ட நஞ்சு மருந்து நிறுவனங்களுக்குச் செல்கிறது. அங்கு அது மிகச் சிறிய அளவில் குதிரைகளுக்குச் செலுத்தப்படுகிறது. குதிரையின் குருதியில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்து நச்சுமுறி மருந்து செய்கின்றனர். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என ஆய்வொன்று மதிப்பிடுகிறது. இறந்தோருள் பெரும்பாலோர் சிற்றூர் மக்கள். எங்கோ ஓர் அரசு மருத்துவமனையில் உழவர் ஒருவர் உயிர் பிழைக்கும்போது, அம்மருந்தின் தொடக்கம் பெரும்பாலும் ஓர் இருளரின் கையிலேயே இருக்கிறது.

கடல் கடந்த புகழ்

2017ஆம் ஆண்டில் மாசி சடையன், வடிவேல் கோபால் ஆகிய இருவரும் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டனர். அங்குப் பெருகி இயற்கையை அழித்த பர்மிய மலைப்பாம்புகளைத் தேடிப் பிடித்தனர். 2023ஆம் ஆண்டில் இந்திய அரசு இவ்விருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

எனினும், விருது பெற்ற இச்சமூகத்தில் வீட்டுமனைப் பட்டாவுக்கும் சாதிச்சான்றுக்கும் காத்திருக்கும் குடும்பங்கள் இன்னும் உள்ளன. செங்கற்சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் கொத்தடிமைகளாக உழன்று மீட்கப்பட்டோரும் உள்ளனர். பிறர் உயிரைக் காப்போருக்குக் காலூன்ற ஒரு பிடி மண் வேண்டும். அவர்தம் பிள்ளைகளுக்குப் பள்ளியில் ஓர் இடம் வேண்டும். அவற்றை உறுதிசெய்வதே அவ்வறிவுக்கு நாம் செலுத்தும் உண்மையான மதிப்பாகும்.

தெரிந்து தெளிவோம்

நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சிலிருந்தே இந்தியாவின் நச்சுமுறி மருந்து செய்யப்படுகிறது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் ஏட்டில் எழுதப்படாத தொழிலறிவு உடைய ஒருவரைக் கண்டு உரையாடிக் குறிப்பெழுதுக.
2. 'சட்டம் இயற்கையைக் காக்கும்போது, அதனை நம்பி வாழும் மக்களையும் காக்க வேண்டும்' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.