கணினி ஏன் நின்றுபோனது?

வேலை நடந்துகொண்டிருக்கும்போதே கணினி உறைந்துபோனால், நம்மில் பலர் உடனே ஆளியை நிறுத்தி மீண்டும் போடுகிறோம். அத்துடன் தடயமும் அழிந்துவிடுகிறது.

பணிசெயல் முறைமையின் கருப்பகுதியைக் கேர்னல் என்பர். நினைவகம், வன்தட்டு, விசைப்பலகை யாவற்றையும் ஆள்வது அதுவே. ஏதேனும் ஒரு செய்நிரல் பழுதுபட்டால் கேர்னல் அதை நிறுத்திவிடும். கேர்னலே பழுதுபட்டால், தன் கடைசிச் செய்தியை வன்தட்டில் எழுதவும் பெரும்பாலும் அதனால் முடியாது.

முள்ளியவளையில் எங்கள் வீட்டிலுள்ள பழைய லினக்ஸ் கணினி நாளுக்கு இரண்டு மூன்று தடவை இப்படி நின்றது. எனது உயர்தரச் செயற்றிட்டம் பாதியில் இருந்தது. புதிது வாங்க வாப்பாவிடம் வசதியில்லை. நானாவும் நானும் காரணத்தைத் தேடினோம்.

முதலில் நெட்கொன்சோலை இயக்கினோம். கேர்னலின் செய்திகளை வன்தட்டை நம்பாது, வலையமைப்பு வடத்தினூடாக இன்னொரு கணினிக்கு அனுப்பும் வசதி இது. நானாவின் மடிகணினிக்கு மூன்று செய்திகள் வந்தன. மூன்றிலும் பழுது காட்டிய இடம் வெவ்வேறு. மென்பொருள் வழு பெரும்பாலும் ஒரே இடத்தில் தலைகாட்டும். ஆனாலும் அது பிறருடைய நினைவகத்தைக் கெடுத்தால் விளைவு எங்கும் தெரியலாம். எனவே முடிவுக்கு வரவில்லை.

அடுத்து, கணினி தொடங்கும்போதே ஸ்லப் டீபக் என்ற தெரிவைக் கொடுத்தோம். கேர்னல் தான் விடுவித்த நினைவகத்தைப் பதினறும எண் 6பி-யால் நிரப்பிவைக்கும். அதே இடத்தை மீண்டும் வழங்குமுன் அது மாறியுள்ளதா எனச் சரிபார்க்கும். எமக்குக் கிடைத்த அறிக்கையில் ஓரிடத்தில் மட்டும் 7பி இருந்தது. துவித எண்ணில் பாருங்கள்: 01101011, 01111011. ஒரேயொரு பிட் மாறியிருக்கிறது. வழுவுள்ள செய்நிரல் இவ்வாறு ஒற்றைப் பிட்டை மட்டும் மாற்றுவது அரிது. சந்தேகம் ரேம் மீது விழுந்தது.

பணிசெயல் முறைமையின்றியே இயங்கும் மெம்டெஸ்ட் சோதனையை, இரு ரேம்களையும் தனித்தனியே ஒரே செருகுவாயில் இட்டு இரவு முழுதும் ஓடவிட்டோம். ஒன்று தேறியது; மற்றதில் பிழைகள் நிறைந்தன. ஆகவே செருகுவாயில் குறையில்லை. பழுதான ரேமைக் கழற்றினோம். கணினி சற்று மெதுவானது, ஆனால் நிற்கவில்லை. செயற்றிட்டமும் நிறைவேறியது.

சகோதரிகளே, கணினி நின்ற நேரத்தையும் அப்போது செய்த வேலையையும் எழுதிவையுங்கள். ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். பெற்றோர்களே, புதுக் கணினிக்குக் கடன்படுமுன் பிள்ளைக்கு ஓர் இரவு அவகாசம் கொடுங்கள்.